மூழ்கிய வயலில் மூச்சடக்கிய நெல்: ஸ்வர்ணா சப்-1, ஒரு நிகழ்வு ஆய்வு

வயல் மூழ்கிவிட்டால் விவசாயி நாளை எண்ணத் தொடங்குவார். நட்டு இருபது நாள் ஆன பயிர் மூன்று நான்கு நாள் தண்ணீருக்குள் கிடந்தாலும் பெரும்பாலும் தேறிவிடும். ஒரு வாரம் ஆனால் மனசு பதறும். பத்து நாள் தாண்டினால் வரப்பில் போய் நின்று பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் வடிந்த பிறகு அந்த வயலுக்குள் இறங்கியவர்களுக்குத் தெரியும்: இலைகள் வெளிறி, நூல் மாதிரி நீண்டு, சேற்றோடு ஒட்டிப் படுத்திருக்கும். ஒரு குத்தைப் பிடித்து இழுத்தால் பிடிமானமே இல்லாமல் கையோடு வரும். அடித்தண்டு அழுகிய நாற்றம் விரலை விட்டுப் போக அரை நாள் ஆகும்.

பயிர் இனப்பெருக்கத்தின் எதிர்காலம் என்று பேச்செடுத்தாலே மரபணுத் திருத்தம், செயற்கை நுண்ணறிவு, விண்வெளியில் விதை என்று பேச்சு எங்கோ போய்விடுகிறது. நான் 2009இல் இந்தியாவில் வெளியான ஒரு நெல்லை எடுத்துக்கொள்கிறேன். பெயர் ஸ்வர்ணா சப்-1. முழுக்க மூழ்கி இரண்டு வாரம் வரை கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும் நெல். இனி வரப்போகும் புதிய ரகங்கள் எந்த வழியில் வந்தால் விவசாயியின் கைக்குப் போய்ச் சேரும், எங்கே தடுக்கி நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

தெரிந்தும் கைக்கு வராத குணம்

ஒடிசாவில் தல்புட்டியா என்று ஒரு நாட்டு நெல் உண்டு. வெள்ளம் அடிக்கடி வரும் தாழ்ந்த நிலங்களில் அங்குள்ள குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்க வைத்த நெல். அதிலிருந்து தேர்ந்தெடுத்துப் பிரித்த வரிசைக்கு எஃப்.ஆர். 13ஏ என்று பெயர் வைத்தார்கள். பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் ஊரில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், சுருக்கமாக இர்ரி, 1970களில் தன் விதைக் களஞ்சியத்தில் இருந்த நெல்களைத் தண்ணீரில் மூழ்கடித்துச் சோதித்தபோது முன்னால் வந்து நின்றவற்றில் இதுவும் ஒன்று.

ஆக, வெள்ளம் தாங்கும் நெல் இருக்கிறது என்பது அப்போதே தெரியும். அந்தக் குணத்தை நல்ல விளைச்சல் தரும் நெல்லுக்குள் கொண்டுவர அப்போதே முயற்சியும் செய்தார்கள். இர்ரியில் டேவிட் மக்கில் போன்ற இனப்பெருக்க வல்லுநர்கள் ஐ.ஆர். 49830 என்ற வரிசையை உருவாக்கினார்கள். அது வெள்ளத்தைத் தாங்கியது, ஓரளவு விளையவும் செய்தது. ஆனாலும் வயலில் பரவவில்லை. காரணம் எளிது. கிழக்கு இந்தியாவின் விவசாயிக்கு அரிசி எப்படி வேக வேண்டும், ஆலையில் எவ்வளவு உடையலாம், வியாபாரி எந்த விலை கொடுப்பார் என்பதெல்லாம் கணக்கு. வெள்ளம் எல்லா ஆண்டும் வருவதில்லை, சாப்பாடு எல்லா நாளும் வேண்டும். பழைய முறையில் கலப்புச் செய்தால் வேண்டிய ஒரு குணத்தோடு வேண்டாத பத்துக் குணமும் தொற்றிக்கொண்டு வரும். அவற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கழிப்பதற்குள் ஒரு விஞ்ஞானியின் பணிக்காலமே முடிந்துவிடும்.

இந்தத் தோல்வியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். குணம் இருந்தது, ரகமும் இருந்தது, விவசாயிக்குத்தான் அது தன் நெல்லாகப் படவில்லை.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது

நெல் தண்ணீரில் நிற்கும் பயிர்தானே, அது ஏன் மூழ்கிச் சாக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வேர் தண்ணீரில் இருக்கலாம், இலைக்குக் காற்று வேண்டும். வாயுக்கள் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். முழுக்க மூழ்கிய செடிக்கு உள்ளே போக வேண்டிய காற்று போகாது, செடியே உண்டாக்கும் எத்திலீன் வாயு வெளியேறவும் முடியாது. உள்ளேயே தேங்கும் எத்திலீன்தான் செடிக்கு அபாயச் செய்தி. செய்தி கிடைத்ததும் சாதாரண நெல் தலையை வெளியே நீட்டப் பார்க்கும். ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி கூடும், இலையும் தண்டும் மளமளவென்று நீளும்.

தண்ணீர் இரண்டு மூன்று நாளில் வடிந்தால் பரவாயில்லை. வடியாவிட்டால், அந்த அவசர வளர்ச்சிக்கே சேமித்து வைத்த மாவுச்சத்து முழுவதும் செலவாகிவிடும். சாவு மூச்சுமுட்டி வருவதைவிடக் கையிருப்பு தீர்ந்து வருவதுதான் அதிகம். வெள்ளம் வடிந்ததும் மெலிந்து நீண்ட தண்டால் நிமிர்ந்து நிற்க முடியாமல் போவதும் அதனால்தான். முன்பு சொன்ன அந்த நூல் மாதிரி இலைகளின் கதை இது.

எஃப்.ஆர். 13ஏ செய்வது நேர்மாறு. எத்திலீன் கூடியதும் அதில் உள்ள ஒரு மரபணு விழித்துக்கொண்டு ஜிப்ரலினின் வேலையைக் கட்டுப்படுத்துகிறது. செடி நீளுவதில்லை. பச்சையத்தையும் மாவுச்சத்தையும் முடிந்தவரை காப்பாற்றி வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. தண்ணீர் வடிந்ததும் அந்தக் கையிருப்பை வைத்து அடிக்கணுவிலிருந்து புதுத்தூர் விடுகிறது.

இதற்கு முற்றிலும் எதிரான வழியில் பிழைக்கும் நெல்லும் இருக்கிறது. வங்கதேசத்திலும் தாய்லாந்திலும் மாதக்கணக்கில் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் நிலங்களில் விளையும் ஆழ்நீர் நெல், ஒரே நாளில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை கூட நீளும். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களைக் கண்டுபிடித்து, மூச்சுக்குழாய் என்ற பொருளில் ஸ்நார்க்கெல் என்றே பெயர் வைத்தார்கள். வியப்பு என்னவென்றால், இரண்டு நெல்லிலும் வேலை செய்வது ஒரே குடும்பத்து மரபணுக்கள். எத்திலீன் என்ற செய்தியும் ஒன்றே. ஒன்று ஓடச் சொல்கிறது, மற்றது உட்காரச் சொல்கிறது. பல மாதம் தண்ணீர் நிற்கும் ஊருக்கு ஓடுவது சரி, பத்துப் பதினைந்து நாளில் வடியும் ஊருக்கு உட்காருவது சரி. எந்த வெள்ளம் எந்த ஊர் வெள்ளம் என்று தெரியாமல் பொதுவாக வெள்ளம் தாங்கும் நெல் என்று ஒன்றைச் செய்துவிட முடியாது.

கத்தரிக்கோலும் இலைத்துண்டும்

மக்கில் பின்னர் அமெரிக்காவின் டேவிஸ் நகருக்குப் போனார். அங்கே அவரும் கெனோங் ஷூவும் 1996இல் இந்தத் தாங்குதிறன் நெல்லின் 9ஆவது குரோமோசோமில் ஓரிடத்தில் இருக்கிறது என்று காட்டினார்கள். அந்த இடத்துக்குச் சப்-1 என்று பெயர். அப்புறம் பத்து வருடம். ஷூ, மக்கில், பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் உள்ளிட்ட குழு 2006இல் நேச்சர் இதழில் அந்த இடத்தில் உள்ள மரபணுவையே, சப்-1ஏ என்ற பெயரில், அடையாளம் காட்டியது.

இடம் தெரிந்த பிறகு இர்ரியில் நடந்த வேலைதான் இந்த ஆய்வின் மையம். அவர்கள் புதிய ரகம் எதையும் செய்யப் போகவில்லை. விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிடும் ரகத்தை எடுத்து, அதில் இந்த ஒன்றை மட்டும் சேர்த்து அப்படியே திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். தேர்ந்தெடுத்தது ஸ்வர்ணா. ஆந்திராவின் மேற்கு கோதாவரியில் உள்ள மாருடேரு ஆராய்ச்சி நிலையம் தந்த எம்.டி.யு. 7029தான் அது. ஆந்திராவில் பிறந்து ஒடிசா, வங்காளம், பீகார், சத்தீஸ்கர் என்று கிழக்கு இந்தியா முழுவதும் பரவிய நெல்.

நெல் கலப்பு எப்படி நடக்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அந்த உழைப்பு புரியும். நெல்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பூ. அதனால் தாய்ச்செடியின் பூ விரியும் முன்பே, ஒவ்வொரு பூவின் நுனியையும் சின்னக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட வேண்டும். ஒன்று தப்பினாலும் கலப்பு போச்சு. வெட்டிய கதிரைக் காகித உறையால் மூடி வைத்து, தந்தைச் செடியின் பூ விரியும் நேரம், காலை பத்து மணி வாக்கில், உறையைத் திறந்து மகரந்தத்தை உதற வேண்டும். ஒரு கதிரில் வெட்டிய பூக்களில் பாதி மணி பிடித்தாலே நல்ல கை என்பார்கள்.

ஸ்வர்ணாவை ஐ.ஆர். 49830 வரிசையோடு கலந்தால் பிறக்கும் செடியில் பாதி ஸ்வர்ணா. அதைத் திரும்ப ஸ்வர்ணாவோடு கலந்தால் முக்கால். இன்னொரு முறை கலந்தால் சராசரியாக எட்டில் ஏழு பங்கு. இதற்குப் பின்கலப்பு என்று பெயர், நூறாண்டு பழக்கமுள்ள முறைதான். புதிது எதுவென்றால் இலைத்துண்டு. நாற்றுப் பருவத்திலேயே ஒவ்வொரு செடியிலிருந்தும் நகக்கண் அளவு இலை கிள்ளி, அதன் டி.என்.ஏ.வில் மூன்று கேள்வி கேட்டார்கள். சப்-1 இருக்கிறதா? சப்-1க்கு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வந்த அந்நியத் துண்டு அறுந்துவிட்டதா? மற்ற 11 குரோமோசோமிலும் எது அதிகம் ஸ்வர்ணா? முன்பெல்லாம் ஒவ்வொரு தலைமுறையையும் வளர்த்து, மூழ்கடித்து, பிழைத்ததைப் பொறுக்கி, அதன் அரிசியைச் சமைத்துப் பார்த்துக் கழிக்க வேண்டியதை, நாற்றங்காலில் நின்றுகொண்டே கழிக்க முடிந்தது. இரண்டு மூன்று பின்கலப்பில், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வேலை முடிந்தது. இதில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை. மகரந்தமும் சூல்முடியும்தான், எந்தச் செடியை வைத்துக்கொள்வது என்பதை மட்டும் டி.என்.ஏ. சொன்னது.

ஒரு வித்தியாசம் மட்டும் தங்கிவிட்டது. ஸ்வர்ணாவின் உமி அடர்ந்த பொன்னிறம், பெயரே அதைத்தான் சொல்கிறது. சப்-1 சேர்ந்த நெல்லின் உமி வைக்கோல் நிறம். உமி நிறத்தை மாற்றும் மரபணு ஒன்று சப்-1க்கு மிக அருகிலேயே உட்கார்ந்திருக்கிறது, இரண்டும் ஒன்றாகவே வந்துவிட்டன. உமியை நீக்கிவிட்டால் அரிசி ஒன்றுதான். என்றாலும் களத்தில் குவித்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து விலை சொல்பவர் முன்னால் நிற்பது உமியின் நிறம். ஆய்வகத்தில் ஒன்றுமில்லாத விஷயம் சந்தையில் பேரம் பேசும் விஷயமாகிவிடும். அதே நிற வித்தியாசம், கலப்படம் இல்லாமல் இரண்டு நெல்லையும் பிரித்துப் பார்க்கவும் உதவியது.

ஒடிசாவில் கண்டது

2009இல் இந்தியாவிலும், அடுத்த ஆண்டு வங்கதேசத்தில் பிரி தான் 51 என்ற பெயரிலும் ஸ்வர்ணா சப்-1 வெளியானது. விதை வயலில் என்ன செய்தது என்பதற்குத் திடமான சான்று கிடைத்தது ஒடிசாவில். 128 கிராமங்களை எடுத்து, அவற்றில் பாதியில் சில விவசாயிகளுக்கு 5 கிலோ விதைப் பை கொடுத்து, மற்ற பாதியோடு ஒப்பிட்டார்கள். 2011இல் வெள்ளமும் வந்தது. மன்சூர் தார், அலென் டி ஜான்வ்ரி, கைல் எமெரிக், எலிசபெத் சதூலே ஆகியோர் அடங்கிய குழு 2013இல் வெளியிட்ட முடிவு: வயல் பத்து நாள் மூழ்கிய இடத்தில் ஸ்வர்ணாவைவிட ஸ்வர்ணா சப்-1 சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது. வெள்ளம் வராத வயலில் இரண்டும் ஒன்று. நல்ல ஆண்டில் எதையும் இழக்காமல், கெட்ட ஆண்டில் காப்பாற்றும் விதை. ஐ.ஆர். 49830 கொடுக்க முடியாதது இதுதான்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஒடிசாவில் அடிக்கடி மூழ்கும் தாழ்ந்த நிலங்களில் தாழ்த்தப்பட்ட சாதியினரின் நிலம் அதிகம். நல்ல மேட்டு நிலம் யாருக்கு, பள்ளம் யாருக்கு என்பதை எந்த விதை நிலையமும் தீர்மானிக்கவில்லை, அது பழைய கணக்கு. வெள்ளம் தாங்கும் விதை அந்தப் பள்ளத்துக்குத்தான் முதலில் பயன்படும் என்பதால், இந்த விதையின் பலன் அதிகம் போய்ச் சேரக்கூடிய இடம் அவர்கள் வயல்தான். இதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. அப்படிச் சேர வேண்டிய விதை சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. எமெரிக் பின்னர் செய்த ஆய்வில், கையில் விதை கிடைத்த விவசாயியிடமிருந்து அக்கம்பக்கத்தாருக்கு விதை தானாகப் பரவியது மிகக் குறைவு என்றும், பரவியதும் பெரும்பாலும் சொந்த சாதிக்குள்ளேயே நின்றது என்றும் தெரியவந்தது. வீடு வீடாகப் போய் விற்றபோது பல மடங்கு பேர் வாங்கினார்கள். நல்ல விதை தானே பரவும் என்பது ஆராய்ச்சி நிலையங்களில் வழக்கமாகச் சொல்லும் பேச்சு. தெருவுக்குத் தெரு கட்டிய சுவர் விதைக்கும் சுவர்தான்.

2016இல் வந்த தொடர் ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. ஸ்வர்ணா சப்-1 பயிரிட்டவர்கள் உரம் கூடுதலாகப் போட்டார்கள், கூடுதல் பரப்பில் நட்டார்கள், விதைத் தெளிப்புக்குப் பதில் ஆள் வைத்து நடவு செய்தார்கள். முழுவதும் போய்விடாது என்ற தைரியம் வந்ததும் நிலத்தில் காசு போடத் துணிந்திருக்கிறார்கள். ஒரு மரபணு மனிதரின் பயத்தைக் குறைத்தது என்றால் அது மிகையில்லை.

நம் டெல்டாவுக்கு வந்தபோது

இர்ரி மாற்றித் தந்த புகழ்பெற்ற ரகங்களில் சாம்பா மசூரியும், ஐ.ஆர். 64உம், வங்கதேசத்தின் பி.ஆர். 11உம், சி.ஆர். 1009உம் உண்டு. கடைசியில் சொன்னது நமக்குப் பழக்கமான நெல். கட்டாக்கில் சாவித்ரி என்ற பெயரில் பிறந்து, இங்கே பொன்மணி என்றும் இட்லிக்கான குண்டு நெல் என்றும் காவிரி டெல்டாவின் சம்பாவில் வேரூன்றியது. சி.ஆர். 1009 சப்-1 தமிழ்நாட்டிலும் வெளியாகி விதைக்கப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இளம்பயிர் மூழ்கும் கடைமடைப் பகுதிக்கு இது பொருத்தமான விதை.

எங்கே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சப்-1 காப்பது தூர் கட்டும் பருவத்துப் பயிரை. பூக்கும் பருவத்தில் மூழ்கினால் உதவாது. சேறு கலந்து கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் உள்ளே இறங்காது, பிழைக்கும் வாய்ப்பு குறையும். முழங்கால் அளவு தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் நிலத்தில், உயரம் கூடாமல் இருக்கும் குணமே பாதகமாகிவிடும். 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டிப் பெய்த பருவம் தப்பிய மழையில் டெல்டாவின் சம்பா கதிர் முற்றிய நிலையில் சாய்ந்து, நிலத்திலேயே முளைத்தது. அந்த நஷ்டத்தைச் சப்-1ஆல் தடுத்திருக்க முடியாது. தூர்ந்துபோன வடிகாலுக்கும் அது மாற்று இல்லை. விதையைக் கொடுத்துவிட்டோம் என்று வாய்க்காலை மறந்தால் பத்து நாள் வெள்ளம் இருபது நாள் ஆகும், இருபது நாளை இந்த நெல்லும் தாங்காது.

இனி வரும் நெல்

2025 மே 4ஆம் தேதி மத்திய வேளாண் அமைச்சர் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று ஐதராபாத் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.ஆர்.ஆர். தான் 100, கமலா என்று பெயர். சாம்பா மசூரியின் உள்ளே கதிரின் மணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவைத் திருத்தியது. சாம்பா மசூரி என்றால் நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று வாங்கும் பி.பி.டி. 5204தான். அதன் வம்சத்தில் கோயம்புத்தூரில் 1921இல் வெளியான ஜி.இ.பி. 24உம் இருக்கிறது. மற்றொன்று டெல்லி பூசா நிறுவனத்தின் பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. எம்.டி.யு. 1010 ரகத்தில், வறட்சியும் உப்பும் தாங்குவதைத் தடுக்கும் மரபணுவை நிறுத்தியது. வெளியிலிருந்து மரபணு சேர்க்காத இத்தகைய பயிர்களுக்கு 2022 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம் மரபணு மாற்றுப் பயிர் விதிகளின் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்திருந்தது. அறிவிப்பில் சொன்ன விளைச்சல் கணக்கைப் பற்றிக் கேள்விகளும் எழுந்தன. பல பருவ வயல் தரவுகளைப் பொதுவில் வைத்துவிட்டால் அந்த வாதம் தானே தீரும், வைக்க வேண்டும்.

என் கவனம் வேறொன்றில். இரண்டு ரகமும் ஸ்வர்ணா சப்-1 போன வழியிலேயே வந்திருக்கின்றன. மக்கள் ஏற்கெனவே விதைக்கும் நெல்லை எடுத்து, ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாமல் விடுவது. முறை வேகமாகியிருக்கிறது. ஆனால் திருத்தம் என்பது செடியில் ஏற்கெனவே இருக்கும் எழுத்தை மாற்றுவது. சப்-1ஏ பல ரகங்களில் இல்லவே இல்லை, இல்லாததைத் திருத்த முடியாது. அதைத் தல்புட்டியாவில் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உப்பைத் தாங்கும் சால்டால் மரபணுப் பகுதி கேரளத்து நாட்டு நெல்லான பொக்காளியிலிருந்து வந்தது. நம் நாட்டு நெல்களான காட்டுயானத்திலும் குழியடிச்சானிலும் என்ன இருக்கிறது என்பதை முழுமையாகப் பார்த்தவர்கள் இன்னும் குறைவு. கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்த விதைகளைச் சேகரிப்பதற்கும் ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பிப்பதற்கும் போகவில்லை என்றால், பத்தாண்டு கழித்துக் கருவி கையில் இருக்கும், எடுக்க வேண்டிய குணம் அழிந்துபோயிருக்கும்.

இப்போது நடக்கும் வேலைகளில் நான் ஆவலோடு பார்ப்பது முளைப்புப் பற்றியது. நாகப்பட்டினம், திருவாரூர் கடைமடையில் தண்ணீர் வரும் நிச்சயம் இல்லாததால் பலர் புழுதியிலேயே நேரடியாக விதைத்துவிடுகிறார்கள். விதைத்த மறுநாள் அடைமழை பிடித்தால், தண்ணீருக்கடியில் காற்றில்லாமல் விதை அழுகிப் போகும். மீண்டும் விதை நெல் வாங்க வேண்டும், அதற்குள் பருவம் தள்ளிப் போய்விடும். மியான்மரின் காவ் ஹ்லான் ஆன் என்ற நாட்டு நெல், காற்றில்லாத தண்ணீருக்குள்ளும் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி முளையை மேலே அனுப்பும். அந்தத் திறனுக்குக் காரணமான மரபணுவை 2015இல் கண்டுபிடித்தார்கள். அதுவும் 9ஆவது குரோமோசோமில்தான் இருக்கிறது. அதையும் சப்-1ஐயும் ஒரே நெல்லில் சேர்க்கும் வேலை இர்ரியில் நடந்திருக்கிறது. முளைக்கும்போது வேகமாக எழ வேண்டும், வளர்ந்த பிறகு அசையாமல் உட்கார வேண்டும், இரண்டும் ஒரே செடிக்குள். அது சி.ஆர். 1009இன் குண்டு அரிசியைக் கெடுக்காமல் வந்துவிட்டால், கடைமடையில் விதை நெல்லை இரண்டாவது முறை கடனுக்கு வாங்கும் அவசியம் பலருக்கு இருக்காது.